செயப்பாட்டு வினை

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை.
விளையாட்டு வாத்தியார் வந்து உட்கார்ந்து
விசில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே "வாசி" என்பார்.
வாசித்தோம்.
பாடத்தில் ஒரு பையன்
வாசலில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தான்.
பனி, மண்வெட்டியில் வருமா?
நிலோபர்தான் ஐஸ் கம்பெனியைக் காட்டினாள்:
"ஒடச்ச ஐஸ் பெட்டிக்குள்ள
சீலாவுக்குப் பதிலா அந்தப் பையன வையி."
அதன்பிறகு பாடம் புரிந்தது,
கொஞ்சம் கவிச்சையோடு.

ஐலண்டுக்குள் ஒரு எஸ் இருக்கிறது, ஒலிக்காது.
வனத்துறைப் படகு வரும்போது
குருசடைத் தீவுப் பாறைக்குப் பின்னால்
அம்மாவும் அப்படித்தான் இருப்பாள்.

"கடற்கரையில் ஒரு நாள்." கட்டுரை. பத்து மதிப்பெண்.
கைடில் பலூன் இருந்தது, குதிரை இருந்தது,
களைத்து மகிழ்ந்து மாலையில் வீடு திரும்பினார்கள்.
நான் அம்மாவை எழுதினேன்.
விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் சாக்கு கட்டி,
மூச்சுப் பிடித்து இறங்குவதை.
மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை
எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்:
கடல் களை.
எங்கள் வீட்டு அரிசியைக் களை என்று எழுதக் கை வரவில்லை.
எழுதினேன்.
பத்துக்கு நாலு.
ஓரத்தில் சிவப்பு மை: தலைப்பை விட்டு விலகிவிட்டது.

பதினொன்றில் புது டீச்சர் வந்தார், பரமக்குடியிலிருந்து,
இரண்டு பஸ் மாறி.
செயப்பாட்டு வினையில் செய்தவனை
வாக்கியத்தின் வாலில் போடலாம்,
வேண்டாமென்றால் வாலை வெட்டலாம் என்றார்.
பந்து உதைக்கப்பட்டது.
யாரால்?
கேட்க வேண்டியதில்லை. முழு மதிப்பெண் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு. திருப்புதல் தேர்வுக்கு முந்தைய இரவு
எங்கள் சந்தெல்லாம் செருப்புச் சத்தம்.
சங்கத்துச் செயலாளர் ராயப்பு
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
"இங்கிலீசுல வந்திருக்கு. வாசி."

விசைப்படகு ஒன்று. ஆள் ஆறு.
மூன்றாவது பெயர் என் அண்ணன் சவேரியான்,
எழுத்துப் பிழையோடு.
ஆட்கள், வேர் அப்ரிஹெண்டட்.
படகு, வாஸ் சீஸ்டு.
இரண்டு வாக்கியத்துக்கும் வால் இல்லை.

அகராதியை எடுத்தேன்.
அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள்:
பிடி. புரிந்துகொள். அஞ்சு.
ஆறு பேரும் புரிந்துகொள்ளப்பட்டார்கள் என்று
ஒரு நொடி,
ஒரே ஒரு நொடி படித்தேன்.
வாசலில் நின்ற பெண்களுக்கு
முதல் பொருளை மட்டும் சொன்னேன்.
மூன்றாவது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

பிடிக்கப்பட்டார்கள்.
தமிழில் வாய்விட்டுச் சொன்னபோதுதான் தட்டியது,
நம் வினைக்குள்ளே ஒரு "படு" கிடக்கிறது.
வலையில் மீன் படும். சிப்பியில் கால் படும்.
கரையில் எதிரே வருகிறவர் கேட்பதும்
"இன்னிக்கிப் பாடு எப்படி?"
ஆங்கிலத்தில் அந்த இடத்தில்
வெறும் வாஸ், வேர்.
உப்புப் போடாத மீன் மாதிரி.

மறுநாள் வினாத்தாள்:
ஜன்னல் உடைக்கப்பட்டது. செய்வினையாக மாற்று.
செய்தவன் இல்லையென்றால் "யாரோ" என்று போடு,
விதி அப்படி.
யாரோ ஜன்னலை உடைத்தார்.
போட்டேன். இரண்டு மதிப்பெண்.

கூடுதல் தாள் வாங்கி
மனு எழுதினேன், டெல்லிக்கு.
ஆறு பெயரும் பிழை திருத்தி.
படகின் பதிவு எண், எஞ்சின் குதிரைத்திறன்,
ஐஸ் எத்தனை பெட்டி, டீசல் எத்தனை லிட்டர், கடன் எவ்வளவு.
எந்த வினையையும் தனியாக விடவில்லை;
ஒவ்வொன்றின் முன்னாலும்
செய்தவனை இழுத்து வந்து நிறுத்தினேன்.
மணி அடித்தபோது தாளை மடித்துச்
சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

சங்கத்தில் வாசிக்கச் சொன்னார் ராயப்பு.
வாசித்தேன்.
ஒரு சொல்லும் விளங்காமல் கடைசிவரை கேட்டுவிட்டு
"கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கு" என்றார்.
"இருக்கட்டும்."
மடித்த கோட்டின்மேலேயே
கையெழுத்துப் போட்டார், தமிழில்.